ஏகமனதாக ஒரு மூக்குத்தி

‘ஏகமனதாக’ என்ற வார்த்தைக்கு எனக்கு மூன்றாம் வகுப்பிலேயே அர்த்தம் தெரியும். தப்பான அர்த்தம். ஏகம் என்றால் ஒன்று என்று தமிழ் டீச்சர் சொல்லியிருந்தார். ஆகவே ஏகமனதாக என்றால் ஒரே ஒருவருடைய மனதுப்படி என்று நானாகவே முடிவுக்கு வந்துவிட்டேன். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் நைனா, அதாவது என் அப்பா.

நைனா இடதுசாரிக் கட்சிக்காரர், செஞ்சியில் கவுன்சிலர். ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி முடிந்ததும் வீட்டிலும் கூட்டம் போடுவார். அம்மா, அக்கா, நான் மூவரும் உறுப்பினர்கள். கூட்டம் நடக்கும்போது அம்மா ‘தோழர்’. நடுவில் தண்ணீர் வேண்டுமென்றால் ‘ஏய், இங்க வா’. எல்லோரும் கருத்து சொல்லலாம், கை தூக்கலாம். குலதெய்வக் கோயில் வேண்டாம், கலர் சோடா வேண்டாம், அக்காவுக்கு ஜிகினா வைத்த பாவாடை வேண்டாம், எல்லாமே ஏகமனதாக நிறைவேறின. எந்தக் கையைத் தூக்குவது என்று தெரியாமல் நான் பெரும்பாலும் இரண்டையும் தூக்கிவிடுவேன். இன்றைக்கும் ஆபீஸ் மீட்டிங்கில் என் நிலைமை ஏறக்குறைய அதுதான்.

அம்மாவின் மூக்குத்தி இந்தக் கூட்டங்களுக்கெல்லாம் முந்தியது. அது பெண்ணடிமைச் சின்னம் என்று கல்யாணமான புதிதிலேயே நைனா கழற்றச் சொல்லிவிட்டாராம். அம்மா கழற்றிக் கடுகு டப்பாவில் போட்டாள். ஆனால் நைனா வெளியூர்ப் போராட்டத்துக்குப் போனால் போதும், ஒரு வேப்பங்குச்சியைக் கிள்ளி மூக்கில் செருகிக்கொள்வாள். ஓட்டை தூர்ந்துவிடக் கூடாதாம். நைனா ஊர் திரும்பும்போது மூக்கு காலியாக இருக்கும்.

சித்தியின் கல்யாணம் வந்தது. அந்த ஞாயிறு அம்மா முதல்முறையாக ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள்.

“கல்யாணத்துக்கு நான் மூக்குத்தி போட்டுக்கினு போறேன்.”

“இன்னா தோழர் பேசற? மாட்டுக்கு மூக்கணாங்கயிறு எதுக்குப் போடறாங்க? அடக்கறதுக்கு. அதே கததான் இது.”

“மாடு கேட்டா போட்டுக்குது? நான் கேக்கறேன் இல்ல?”

“உன்ன கேக்க வெச்சிருக்காங்க. அது உன் ஆசயே இல்ல. காலங்காலமா உன் தலயில ஏத்தி வெச்ச ஆச.”

“அப்ப என் ஆச எதுன்னு நீங்களே சொல்லிடுங்க. அதயே ஆசப்பட்டுக்கறேன்.”

அக்கா சிரித்துவிட்டாள். ஓட்டெடுப்பு நடந்தது. அம்மாவும் அக்காவும் ஆதரவு, நைனா எதிர்ப்பு, என் இரண்டு கையும் செல்லாது. பெரும்பான்மை எப்போதும் சரியாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை என்று நைனா விளக்கினார். தீர்மானம் ஏகமனதாகத் தள்ளுபடியானது. அம்மா வெறும் மூக்கோடு கல்யாணத்துக்குப் போய்வந்தாள்.

அதற்கப்புறம்தான் அந்தப் பொதுக்கூட்டம். எங்கோ ஓர் ஊரில் பெண்கள் இன்ன துணிதான் உடுத்த வேண்டும் என்று யாரோ உத்தரவு போட்டுவிட்டார்கள். அதைக் கண்டித்து, கோட்டை மலைக்குப் பின்னால் வெயில் இறங்கியதும், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மேடை போட்டார்கள். நான் மல்லாட்டைப் பொட்டலத்தோடு, வேகவைத்த வேர்க்கடலைதான், கீழே உட்கார்ந்திருந்தேன்.

“பொம்பளைங்க இன்னா உடுத்தணும், இன்னா போட்டுக்கணும்னு சொல்ல நீ யாருய்யா?” நைனாவின் குரல் கணீரென்று வந்தது. “அவங்க உடம்பு, அவங்க இஷ்டம்!”

பெண்கள் வரிசையில் முதலில் கை தட்டியது அம்மா. டியூப்லைட் வெளிச்சத்தில் அவள் மூக்கில் சிவப்புக் கல் மின்னியது. நைனா பார்த்துவிட்டார்.

“அவங்க... அவங்க...”

மைக்செட்காரர் ஒயர் கழன்றுவிட்டது என்று நினைத்து மேடைக்கு ஓடினார். அம்மா மறுபடியும் தட்டினாள். கூட்டமும் சேர்ந்து தட்டியது. எல்லோரும் தட்டுகிறார்களே என்று நானும் தட்டப்போய் மல்லாட்டை முழுக்கக் கொட்டியது.

அடுத்த ஞாயிறு நைனாவே தீர்மானம் கொண்டுவந்தார்.

“ஊரே பாத்துடுச்சி. இனிமே தோழர் மூக்குத்தி போட்டுக்கணும். எந்தக் காரணத்துக்கும் கழட்டக் கூடாது. கழட்டினா நான்தான் கழட்ட வெச்சேன்னு பேசுவானுங்க.” அப்புறம் குரலைத் தாழ்த்தி, “நல்லாவும்தான் இருக்குது” என்றார். ஏகமனதாக நிறைவேறியது. அம்மா கை தூக்கினாளா என்று எனக்கு நினைவில்லை. நைனா எண்ணவும் இல்லை.

மறுநாள் காலை அம்மாவின் மூக்கில் வேப்பங்குச்சி இருந்தது.

“தொலச்சிட்டியாம்மா?”

“தொலைக்கலடா. போட்டுக்கணும்னு சொல்லிட்டாரு இல்ல? அதான் கழட்டிட்டேன்.”

கேலி செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். அத்தனை ஆசைப்பட்டது, இப்போது தீர்மானமே போட்டாகிவிட்டது, யாராவது கழற்றுவார்களா? கண்டிப்பாகத் தொலைத்துவிட்டாள். துடைப்பத்தை எடுத்துக் கட்டிலுக்கடியில் தேட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் நைனாவும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் குனிந்தார்.

“நல்லா பாருடா. சின்னதா செகப்பா இருக்கும்.”

அம்மா அடுப்படி வாசலில் நின்று எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கடுகு டப்பாவைத் திறந்து பார்க்கலாம் என்று இருவருக்குமே தோன்றவில்லை.