இடைவேளையோடு கிளம்புகிறவர்

அரங்கின் விளக்குகள் முழுதாக எரிவதற்குள் அவர் வெளியே வந்துவிடுவார். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு தோளில் மடித்துப் போட்ட சீருடைச் சட்டை. வாசலில் இணையச் சேனலுக்காக மைக் பிடித்து நிற்கும் பெண் அவருக்காகவே காத்திருப்பாள். மற்ற சேனல்காரர்கள் படம் முடியட்டும் என்று எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருக்க, அவளுக்கு மட்டும் இடைவேளையிலேயே ஒரு முழுப் படத்துக்கான கருத்து கிடைத்துவிடும்.

"சொல்லுங்க மாமா, படம் எப்படி?"

"முதல் பாதி பிரமாதம்மா. ரெண்டாம் பாதியில தம்பி செத்துடுவான், அண்ணன் திருந்திடுவான். குடும்பத்தோட வந்து பாக்கலாம்."

"ரெண்டாம் பாதிய நீங்க எங்க மாமா பாத்தீங்க?"

"பாதி தெரிஞ்சா மீதி தெரியாதா? நான் லிப்ட் ஓட்டுறவன்மா."

தியேட்டர்காரர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'இடைவேளை'. டிக்கெட் கிழிப்பவர், "இடைவேளை வந்தாச்சு, படத்தப் போடுங்கப்பா" என்று உள்ளே குரல் கொடுப்பார். இவர் கோபித்துக்கொள்வதில்லை. "பேரு வெச்சீங்களே, பாதி டிக்கெட் காசு மட்டும் வாங்கக் கூடாதா?" என்பார்.

தெருமுனையில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் அவருக்கு மதிய ஷிப்ட்; காலைக் காட்சியில் இடைவேளைவரைதான் நேரம் இருக்கும். நோயாளிகளுக்கு வேறு லிப்ட் உண்டு. இவருடையதில் பார்க்க வருகிறவர்கள், சாப்பாட்டு வண்டி, சலவைத் துணி, குழாய் ரிப்பேர்காரர் என்று மற்ற எல்லாமே ஏறும். பொத்தான்களுக்கு அருகே ஆட்டம் கண்ட ஒரு முக்காலி. அதன் நான்காவது காலாக அவருடைய இடது கால் இருக்கும். "எந்த மாடி?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிக்கொள்வார். ஆனால் காது திரும்பாது.

லிப்டுக்குள் ஒரு கதையும் முழுதாக நடப்பதில்லை. "டாக்டர் என்ன சொன்னாருன்னா..." என்று ஆரம்பிக்கிற அம்மாள் நான்காவது மாடியில் இறங்கிவிடுவாள். "சொத்து விஷயத்த இப்ப எடுக்காதே, அப்பாவுக்கு முழிப்பு வரட்டும்" என்கிற தம்பியும் அண்ணனும் ஆறாவதில் போய்விடுவார்கள். மீதியை அவரே முடித்து, அடுத்து ஏறுகிற நர்ஸிடம் சொல்வார்: "அந்தம்மா பையனுக்கு ஆபரேஷனே வேண்டாம்னுட்டாங்க சிஸ்டர். முகத்துலயே தெரியுது." சினிமாவில் தாராளமாக ஆட்களைச் சாகடிக்கிற மனிதர், லிப்டில் ஒருவரைக்கூடச் சாகவிட்டதில்லை.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்திருந்தது. "நான் வாயத் தொறந்தா பாதிதான் என்னுது, மீதி உங்களுது" என்று அவர் மனைவி அலுத்துக்கொள்வாள்.

அதே ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவைப் பிரிவில் அவருடைய அக்கா வேலை பார்க்கிறாள். இடுப்பில் தூக்கி வளர்த்தவள். துவைத்து மடித்த படுக்கை விரிப்புகளை வண்டியில் அடுக்கி, ஒரு நாளில் பல தடவை தம்பியின் லிப்டில் ஏறுவாள். எப்போதாவது, வண்டியின் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு, "நாம காட்ட விட்டு வந்தப்போ..." என்று ஆரம்பிப்பாள்.

"அதான் தெரியுமேக்கா. நம்மள நாலு எழுத்து படிக்க வைக்கணும்னு அப்பா டவுனுக்குக் கூட்டிட்டு வந்துட்டாரு. மாடி வந்துடுச்சு, பாத்து எறங்கு."

அவள் இறங்கிப் போய்விடுவாள்.

அம்மாவைப் பற்றியும் அவரிடம் ஒரு முடிந்த கதை இருந்தது. எங்காவது ராத்திரியில் நாய் குரைத்தால் அம்மா பாயில் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். குரைப்பு நிற்கும்வரை படுக்கமாட்டாள். "எங்கம்மாவுக்கு நாய்னா அப்படிப் பயம்" என்று லிப்டில் சிரித்துக்கொண்டே சொல்வார்.

காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று முதன்முதலில் சட்டம் கேட்டு நின்ற ஒரு பெரியவரின் வாழ்க்கையைப் படமாக எடுத்து வெளியிட்டிருந்தார்கள். இவர் முதல் காட்சிக்கே போனார். வெட்ட வந்த கோடரிக்கு முன்னால் அந்தப் பெரியவர் மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், இடைவேளை. வெளியே வந்தபோது இவருக்குக் கண் கலங்கியிருந்தது. மைக்கைப் பார்த்ததும் வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினார்.

"தெய்வம்மா அந்த மனுஷன். ரெண்டாம் பாதியில காட்டுல இருக்கற ஜனங்களுக்கும் ஊருக்குள்ள வீடு கட்டிக் குடுப்பாரு பாருங்க. எங்க குடும்பமே காட்டுலேர்ந்து வந்ததுதான். எங்கள யாரும் வெரட்டல. நாங்களா சந்தோஷமாக் கெளம்பி வந்தோம். இன்னிக்கு நல்லா இருக்கோம்."

மறுநாள் படக்காரர்கள் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து விளம்பரத்தில் சேர்த்தார்கள். 'காட்டில் பிறந்தவரே சொல்கிறார்' என்று அவர் முகத்துக்குக் கீழே எழுத்து ஓடியது. லிப்டில் ஏறியவர்களெல்லாம் போனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். குழாய்க்காரர் கை கொடுத்தார். அன்று முழுவதும் முக்காலியில் அவர் கொஞ்சம் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார்.

சலவை வண்டி மட்டும் வரவில்லை.

அதற்கு மறுநாளும் வரவில்லை. கதவு திறந்தபோது, எதிரே சாய்தளத்தில் அக்கா வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறுவது தெரிந்தது. தீப்பிடித்தால் நோயாளிகளை இறக்குவதற்கென்று கட்டிய சரிவு அது. மாடிக்கு மாடி வளைந்து வளைந்து போகும். வளைவுக்கு ஒரு தடவை வண்டிக்கு முழங்காலை முட்டுக்கொடுத்து நின்று மூச்சு வாங்கினாள்.

"என்னக்கா, லிப்ட் காலியா நிக்குது!"

"காத்தாட நடக்குறேன்டா."

"முட்டி வலிய வெச்சுக்கிட்டு என்ன காத்து?"

"போ. மணி அடிக்குது பாரு."

வீட்டில் மனைவி சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "உங்கக்கா அந்த வீடியோவத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தாங்களாம். ஒரு வார்த்தை பேசலையாம். ஆமா, யாரும் வெரட்டலன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"எனக்கா? அது..." என்று ஆரம்பித்தார். அப்பா சொன்னதாக நினைவில்லை. அம்மா சொன்னதாகவும் இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்துப் பார்த்தார். அதைச் சொல்லிய குரல் எப்போதும் தன்னுடையதாகவே இருந்தது.

ஷிப்டைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டு மறுபடி அந்தப் படத்துக்குப் போனார். இடைவேளை விட்டது, கூட்டம் எழுந்தது, அவர் உட்கார்ந்திருந்தார். டிக்கெட் கிழிப்பவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார்.

இரண்டாம் பாதியில் சட்டம் வந்தது. காட்டுக்குள் மனிதர் இருக்கக் கூடாது என்று ஆனது. குடிசைக்காரர்கள் மூட்டை கட்டி, பெரியவரைக் கும்பிட்டு, மாட்டு வண்டிகளில் ஏறினார்கள். இசை பொங்கியது. ஒரு நாய் மட்டும் புழுதியில் வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்தது. முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

வெளியே மைக்குகள் மொய்த்துக்கொண்டிருந்தன. "ஒளிப்பதிவு வேற லெவல்" என்றான் ஒரு மாணவன். "ஒவ்வொரு பள்ளிக்கூடத்துலயும் போட்டுக் காட்டணும்" என்றார் கண்ணாடிக்காரர் ஒருவர். "மரத்தக் கட்டிக்கிட்டு அழுதாரே, பெத்த புள்ளையத் தூக்குனாரா ஒரு நாள்?" என்று ஒரு அம்மாள் கேட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற கணவரை முறைத்தாள். "அந்த நாய் சீன்ல அழுதுட்டேன்" என்று இன்னொருத்தி கண்ணைத் துடைத்தாள்.

வழக்கமான பெண்ணும் அவரிடம் மைக்கை நீட்டினாள். "மாமா! முழுசாப் பாத்துட்டீங்களா? சொல்லுங்க, சொல்லுங்க."

"இரும்மா. கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று நடந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அக்கா சரிவின் முதல் வளைவில் நின்றிருந்தாள். அவர் வண்டியைத் தன் பக்கம் திருப்பி இறக்கிக்கொண்டு போய் லிப்டுக்குள் தள்ளினார். வண்டி போன பிறகு அவளும் வந்து நின்றாள். கதவு மூடியது.

"படத்த முழுசாப் பாத்தேன்க்கா."

"ம்."

"வண்டிக்குப் பின்னாடி ஒரு நாய் ஓடி வருது. எல்லாரும் அழுதாங்க."

அக்கா விரிப்புகளின் மடிப்பை நீவிவிட்டாள். "நம்ம நாய் ஓடி வரல."

"அப்ப அதுக்குத் தெரியாம..." என்று தொடங்கியவர், பல்லைக் கடித்து நிறுத்திக்கொண்டார்.

"சாயங்காலம் திரும்பிடலாம்னு சொல்லித்தான்டா லாரியில ஏத்துனாங்க. ஏதோ கையெழுத்துப் போடணும்னாங்க. மூட்டை கட்டல. அடுப்புல உல கொதிக்குது. நாய் லாரி பின்னாடி ஓடி வந்து அடிபட்டுடப் போவுதுன்னு அம்மா அதத் தூணுல கட்டிப்போட்டுட்டு வந்தாங்க. அவுத்து விடுங்கன்னு சொல்லி அனுப்பக்கூட அங்க ஒரு ஆள் இல்ல. எல்லாரையும்தான் ஏத்திட்டாங்களே."

மேலே நான்காவது மாடியில் மணி அடித்தது. பிறகு ஆறாவதில். யாரோ கதவைத் தட்டினார்கள். "லிப்ட்! லிப்ட்!"

"போ, கூப்பிடுறாங்க" என்றாள் அக்கா.

அவர் பொத்தான் பலகையில் தொங்கிய சாவியைத் திருப்பி உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மணி அடங்கிப்போனது. முக்காலியை அக்காவின் பக்கம் நகர்த்தினார். அவள் உட்கார்ந்ததும் அது ஆடாமல் இருக்க, தன் இடது காலை அதற்கு அண்டக்கொடுத்துக்கொண்டு, சுவரோரம் தரையில் உட்கார்ந்தார்.

"அப்புறம்?" என்றார்.