அக்காவின் கடுகுப் பொட்டலங்கள்

எண்ணெயில் கடுகு வெடிக்கிறது. எந்த வீட்டைக் கடந்தாலும் அந்தப் படபடப்பு, அதன் பின்னாலேயே மூக்கில் ஏறும் காரநெடி. ஒரு வருஷமாக அந்தச் சத்தம் கேட்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுகிறேன். அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, காரணத்தைச் சொல்லியாக வேண்டும். அதில் உங்களுக்கும் பங்குண்டு.

அக்கா கோலியனூரில் பிறந்தவர். அப்பாவுக்கு வேர்க்கடலைக் கொல்லை; எங்கள் பக்கம் அது மல்லாட்டை. தாவரவியலில் கடுகுக் குடும்பத்தை ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று அக்கா சொன்னபோது, "மல்லாட்டை விளையிற ஊர்ல கடுகுக்கு இன்னாம்மா ஆராய்ச்சி?" என்று அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்போடு பேச்சு முடிந்தது. திண்டிவனத்தில் ஆசிரியை வேலை. விழுப்புரத்திலிருந்து தினமும் ரயில். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களுக்குக் கடுகுக் குடும்பத்தின் கதையைச் சொல்லி வாயை அடைத்தார்.

எனக்கும் சொன்னார். துருக்கி, ஈரான் பக்கத்து வறண்ட மலைகளில் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கிளைத்த குடும்பமாம். பூவுக்கு நாலு இதழ், சிலுவை மாதிரி. இலைக்குள் இரண்டு சரக்கு, தனித்தனி அறையில். புழு கடித்தால் இரண்டும் கலந்து காரம் பிறக்கும். அந்தக் காரத்தைத் தாங்க வெள்ளை வண்ணத்துப்பூச்சிகள் பழகிக்கொண்டன. செடி புதுக் காரம் செய்தது. பூச்சி அதற்கும் பழகியது. இந்த ஓயாத மல்லுக்கட்டிலும் குடும்பம் பெருகியது. நடுவில் செடியின் மரபணு மொத்தமும் இரண்டு பிரதியாகிவிட்டதாம். ஒரு பிரதி பழைய வேலையைப் பார்த்தது, இன்னொன்று புது வித்தை பழகியது. முட்டைக்கோசும் காலிபிளவரும் நூக்கலும் ஒரே இனம் என்று கேட்டு நான் வாய் பிளந்தேன்.

"பெருமுக்கல் மலைச்சரிவுல மஞ்சளா பூத்து நிக்குதே நாய்க்கடுகு, அது கடுகுக்குப் பங்காளி. முருங்கையும் பப்பாளியும் தூரத்துச் சொந்தம். நம்ம சொந்தக்காரங்க மாதிரி விசேஷத்துக்கு வந்து சண்ட போடாதுங்க, அவ்ளோதான்."

எங்கெங்கோ அலைந்து இந்த உறவுகளின் கடுகளவு விதைகளைச் சேர்த்தார். செய்தித்தாளில் மடித்த பொட்டலங்கள், ஒரு பழைய பிஸ்கெட் டப்பாவில், சமையலறைப் பலகை மேல். பொட்டலத்தில் எண் மட்டும் இருக்கும். பேர், எடுத்த இடம் எல்லாம் அவர் தலைக்குள். கேட்டால், "பேரை எழுதிட்டா செடிய பாக்கறத நிறுத்திடுவோம்டா" என்பார். எவ்வளவு அழகான பிடிவாதம்! இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா, அக்கா?

அக்காவின் காரியத்தன்று நான் ஈரவேட்டியோடு பிண்டத்தின் முன் உட்கார்ந்திருந்தேன். தாளிக்கக் கடுகு தீர்ந்துவிட்டது என்று சமையல்காரர் வீட்டுப் பின்புறத்திலிருந்து குரல் கொடுத்தார். "மேல் பலகையில டப்பா இருக்குது பாருங்க" என்றேன். என் வாய்தான் சொன்னது; புத்தி அங்கே இல்லை. எல்லாப் பொட்டலமும் ஒரே வாணலியில் வெடித்தன. இலையில் உட்கார்ந்த சித்தி, "சாம்பாரு கமகமன்னு கீது, ஆனா கடுகு இன்னாடா இப்படி கசக்குது?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று சாப்பிட்ட நீங்கள் அனைவரும் அக்காவின் முப்பது வருட உழைப்பைச் சாப்பிட்டீர்கள்.

பின்புறம் சமையலுக்கு மூட்டிய கோட்டை அடுப்பருகே சிந்திய விதை ஐப்பசி மழையில் முளைத்தது. மார்கழியில் பூத்தது. மஞ்சள், வெள்ளை, ஒன்று வெளிர் ஊதா. நாலு நாலு இதழ்கள். எது எந்த ஊர், எது யாருக்குப் பங்காளி? அவற்றின் முன்னால் குந்திக்கொண்டு விழிக்கிறேன். சொல்ல ஆளில்லை.

அக்காவைத் தாங்கிய செவிலியர்களுக்கும், ரயிலில் இடம் பிடித்து வைத்த தோழியருக்கும், காரியத்துக்கு வந்து நின்ற உங்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. சமையல்காரர் மீது குற்றமில்லை. குற்றம் எவருடையது என்பது விழுப்புரம் மருத்துவமனையில் அந்தக் கடைசி மாலையிலேயே முடிவாகிவிட்டது. பேர்களை எழுதி வாங்கிவிட்டால் அக்கா போய்விடுவார் என்று பயந்து நாளைத் தள்ளிக்கொண்டிருந்தவன் நான். அன்றும் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தேன்.

"நாளைக்கு ஆப்பிள் வேணாம். டப்பாவ எடுத்துக்கினு வா. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கோ."

"நாளைக்குக் கட்டாயம் எடுத்துக்கினு வர்றேன்க்கா."

"நேத்தும் இதையேதான்டா சொன்ன."