குனிந்து வெட்டும் மரம்

தாலி என்றால் என்னவென்று என் கணவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குக் கட்டியதுதான் தெரியவில்லை.

இலங்கையில், ருவான்வெல்லைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருவரும் பால் வெட்டிக்கொண்டிருந்தோம். தொண்ணூறுகளின் நடுவில், பெருங்காற்று அடித்த ஒரு நாள், கிளை முறிந்து அவர் தலையில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தவர் நேர்ஸிடம் சிங்களத்தில் சுத்தமாகத் தண்ணீர் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்றார்.

வீட்டுக்கு வந்தும் அதே மரியாதைதான். "தேத்தண்ணி குடுங்க", "இங்க படுக்கட்டுங்களா?" அதுவரை "ஏ புள்ள" என்று அதட்டிய மனுஷன்! எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள், "குடுத்து வச்சவடி நீ" என்று கேலி செய்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டாக்டர் பொறுமையாகச் சிங்களத்தில் விளக்கினார். வாழ்க்கையில் நடந்தவை ஒரு வகை ஞாபகமாம். உலகத்தைப் பற்றித் தெரிந்தவை இன்னொரு வகை. கைகால் பழகியது வேறு வகை. ஒன்று போனாலும் மற்றவை நிற்குமாம். உண்மைதான். தீபாவளி எந்த மாதம் என்று கேட்டால் சொல்வார். நாங்கள் கொண்டாடிய ஒரு தீபாவளிகூட அவரிடம் இல்லை. ஒரு தலைக்குள் இத்தனை அறைகளா என்று வியந்தேன். ஆனால் எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அதில் எந்த அறையிலாவது நான் இருக்கிறேனா?

காயம் ஆறியதும் கணக்கப்பிள்ளையிடம் கேட்டு அவரை மலைக்குக் கூட்டிப்போனேன். கையில் கத்தியைக் கொடுத்தேன். முதல் மரத்தில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை உரித்தார், பட்டையை மெல்லிசாகச் சீவினார். பட்டைக்கு உள்ளே இருக்கும் கட்டையில் கத்தி படவே இல்லை. பால் கோடாக இறங்கிச் சிரட்டையில் விழுந்தது. அடுத்த மரத்துக்கு அவர் போனதும் நானும் என் வரிசைக்கு வந்தேன்.

என் வரிசையில் ஒரு பழைய மரம். வெட்டு அடிமரம் வரை இறங்கிவிட்டதால் நன்றாகக் குனிந்துதான் வெட்ட வேண்டும். நான் குனிந்தபோது பின்னால் காலடிச் சத்தம். தன் வேலையை விட்டுவிட்டு, நடுவில் மழைத்தண்ணீர் ஓடும் கானைத் தாண்டி அவர் வந்திருந்தார்.

"தள்ளுங்க. நீங்க குனியாதீங்க."

"ஏன்?"

"தெரியலைங்க" என்று சொல்லிவிட்டு, குந்தி உட்கார்ந்து வெட்டத் தொடங்கினார்.

எனக்குத் தெரியும். எங்கள் மகள் வயிற்றில் இருந்த மாதங்களில், என்னைக் குனிய விடாமல் அந்த மரத்தை அவர்தான் வெட்டினார். அவள் பிறந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. இப்போது அவருக்கு மகளையும் தெரியாது, என்னையும் தெரியாது. நான் மரத்தைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "ஏங்க அழறீங்க?" என்று கேட்டார்.