நொடிக்கு ஒரு தடவை

சலவைக்கூடத்தில் அவளுக்கு 'ரீடிங்' என்றே பெயர். பால் பொங்குகிறதென்று யாராவது கத்தினால்கூட எத்தனை டிகிரி என்று கேட்பவள் என்று அவள் அண்ணன் கிண்டல் செய்வான். மருத்துவமனை விரிப்புகளைத் துவைக்கும் பெரிய டிரம்மின் நடுக்கத்தை அளக்க, ஒரு சென்சாரையும் சின்ன மைக்ரோகண்ட்ரோலரையும் பொருத்தியவள் அவள்தான். சென்சார் தரும் வோல்ட்டேஜை அந்தச் சிப் எண்ணாக மாற்றித் திரையில் கோடாக வரையும். நொடிக்கு ஒரு தடவை அளந்தால் போதும் என்று முடிவு செய்தவளும் அவளே.

டிரம்மை ஓட்டுகிறவள் அவளுடைய அண்ணி. இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். ஒரு வாரமாக அண்ணி சொல்லிக்கொண்டே இருந்தாள்: "டிரம்மு உதறுதும்மா. வந்து கையை வெச்சுப் பாரேன்."

திரையில் கோடு, ஸ்கேல் வைத்து வரைந்ததுபோல் நேராக இருந்தது.

"ரீடிங் பொய் சொல்லாது அண்ணி," என்றாள், சூப்பர்வைசர் முன்னாலேயே. அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே! "வேலை செய்யச் சோம்பலா இருந்தா நேரா சொல்லிடுங்க."

நாலு பேர் சிரித்தார்கள். பதினொரு வருஷமாக அந்த டிரம்மை ஓட்டியவளை மறுநாளே துணி மடிக்கும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் "சாப்பிட வா" என்பதற்கு மேல் அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த வாரம் கம்பளிகள் வந்தன. கனம் என்பதால் டிரம்மின் வேகத்தை நிமிடத்துக்கு ஐம்பத்தைந்து சுற்றாகக் குறைத்தார்கள். நேராக ஓடிக்கொண்டிருந்த கோடு மெல்ல ஏறி இறங்கத் தொடங்கியது. அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வழக்கமான வேகம் நிமிடத்துக்கு அறுபது, அதாவது நொடிக்குச் சரியாக ஒரு சுற்று. அவளும் நொடிக்கு ஒரு தடவைதான் அளந்தாள். டிரம் ஒவ்வொரு முறையும் அதே நிலைக்குச் சுற்றி வரும் கணத்தில் மட்டுமே பார்த்திருக்கிறாள். இடையில் அது என்ன ஆட்டம் போட்டாலும் சிப்புக்குத் தெரிய வழியில்லை. வேகம் குறைந்ததும்தான் அளவு ஒவ்வொரு தடவையும் வேறு நிலையில் விழுந்தது. நொடிக்கு நூறு தடவை என்று மாற்றினாள். கோடு எகிறிக் குதித்தது. கழற்றிப் பார்த்தால் டிரம்மின் அச்சைத் தாங்கும் பேரிங் தேய்ந்து கிடந்தது.

"சபாஷ்மா, நல்ல நேரத்துல கண்டுபிடிச்ச," என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கைகுலுக்கினார். அவள் சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் அவளுக்கு உடம்பு கூசும். மேசையில் அண்ணி தலை நிமிராமல் ஒரு விரிப்பின் மூலைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். தான் வாயைத் திறக்காவிட்டால், அளந்த விதம்தான் தப்பு என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

மத்தியானம் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்தாள். சூப்பர்வைசரும் அன்று சிரித்த அதே நாலு பேரும் இருக்கும்போதே எழுந்துபோய் அண்ணியின் மேசையருகே நின்றாள்.

"நான் ஒண்ணும் கண்டுபிடிக்கல சார். அண்ணி ஒரு வாரமா சொன்னதுதான். நான் அளந்த விதம் தப்பு. அவங்களைச் சோம்பேறின்னு சொன்னதும் நான்தான்." அண்ணியின் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சிடுங்க அண்ணி. இப்ப நொடிக்கு நூறு தடவை பாக்குற மாதிரி மாத்திட்டேன்."

அண்ணி மடித்த விரிப்பை அடுக்கின் மேல் வைத்தாள்.

"அதுகிட்ட நூறு தடவை கேக்குற," என்றாள். "கையை வெச்சுப் பாருன்னு தினம் கூப்பிட்டேனேம்மா. ஒரு தடவை வந்திருக்கலாமே."