குமிழக்காவும் பிரசவப் பிரிவின் சுவரும்

பொறியியல் படித்த அதிகாரி ஒருவர் முத்திரை குத்தி நல்ல சுவர் என்கிறார். பத்தாம் வகுப்பைத் தாண்டாத ஒரு பெண் அதையே உளுத்த சுவர் என்கிறாள். நீங்கள் யாரை நம்புவீர்கள்?

அந்தப் பெண்ணைத் தெருவே குமிழக்கா என்றுதான் கூப்பிடும். அச்சடித்த படங்களைப் பலகையில் ஒட்டுவது அவள் தொழில். சூடு வேண்டாம், தண்ணீர் வேண்டாம். பசை பூசிய பிலிமை வைத்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். பின்தாளை விரலகலம் உரித்து, ஓரத்தை நேராக்கி, துணி சுற்றிய பட்டையால் நடுவிலிருந்து விளிம்புக்குத் தள்ளிக்கொண்டே போவாள். அடியில் காற்று மாட்டினால் குமிழ் எழும்பும். ஊசியால் குத்தி இறக்கிவிடுவாள். ஊரின் பெரிய மனிதர்கள் அத்தனை பேரின் கன்னத்திலும் சட்டப்படி ஊசி குத்தியவள் அவள் ஒருத்திதான். உள்ளே காற்றைத் தவிர வேறொன்றும் இருந்ததில்லை என்பாள்.

பொது மருத்துவமனைக்கு ஆய்வுக் குழு வரப்போகிறது என்று அவளுக்கு அழைப்பு வந்தது. பிரசவப் பிரிவின் காத்திருப்புக் கூடத்தில், விரிசல் விட்ட சுவரின் மேல் ஓர் ஆள் உயரப் படம் ஒட்ட வேண்டும். மருத்துவமனைத் தலைவரின் சிரித்த முகம். கீழே, ‘உங்கள் பாதுகாப்பே எங்கள் மூச்சு’. அதற்கும் கீழே ஒரு பெஞ்சு. ஏழு மாதக் கர்ப்பிணியான குமிழக்காவின் தங்கை வாராவாரம் உட்காரும் பெஞ்சு அது.

எந்தப் பரப்பானாலும் முதலில் ஒரு துண்டு பிலிமை ஒட்டி உரித்துப் பார்ப்பது அவள் வழக்கம். உரித்தாள். பெயின்ட் வந்தது, பூச்சு வந்தது, பின்னாலேயே மணல் பொலபொலவென்று கொட்டியது. விரலால் தட்டினாள். பானையைத் தட்டியதுபோல் சத்தம்.

“சார், சுவரு கையோட வருது.”

கட்டட அதிகாரி நிமிர்ந்து பார்க்கவில்லை. “உங்கள சுவரு பாக்கவாம்மா கூப்பிட்டோம்? படத்த ஒட்டுங்க.”

“நிக்காது சார்.”

“அப்ப நல்ல பசையா போடுங்க.”

“பசை நல்லாத்தான் இருக்கு. அதான் சுவரையே பேத்துட்டு வந்துடுச்சு.”

“அரசாங்கக் கட்டடம்மா இது. தாங்கும்னு நானே எழுதிக் கொடுத்திருக்கேன்.”

“அப்ப அந்தப் பேப்பர ஒட்டிடலாமா சார்? விரிசல அது மறைச்சிடும்.”

அத்தோடு மருத்துவமனையின் ஒப்பந்தக்காரர் பட்டியலிலிருந்து அவள் பெயர் போயிற்று. காரணம்: ‘ஒட்டும் பிலிம் தரமற்றது’. வேறு ஆளை வைத்து, அதே சுவரில் பதினாறு ஆணி அறைந்து படத்தை ஏற்றினார்கள். குழு வந்தது, படத்தை மெச்சியது, போனது.

அந்த வாரம் தங்கையோடு வந்த குமிழக்கா அவளை எதிர்ப்பக்கம் இழுத்து உட்கார வைத்தாள்.

“அக்கா, எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும்டி. பாத்தா அவங்களும் எந்திரிச்சு வரட்டும்.”

எழுந்து வந்தவர்களை ஊழியர் மறுபடி பழைய இடத்துக்கே விரட்டினார். மருத்துவமனை விளம்பரத்துக்கு எடுக்கும் புகைப்படத்தில் தலைவரின் கீழே மக்கள் இருக்க வேண்டுமாம். அன்றிலிருந்து தினமும் காலையில் போய் அந்தப் பெஞ்சைச் சுவரைவிட்டுத் தள்ளிப் போடுகிறாள். மதியத்துக்குள் அது திரும்பிவிடுகிறது. ஒற்றையாளாக அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

அந்தக் கூடத்துக்கு நீங்கள் போக நேர்ந்தால் தயவுசெய்து படத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். உட்கார்ந்திருப்பவர்களை எழுப்புங்கள். பெஞ்சின் மறுமுனையைப் பிடியுங்கள்.