முன்வரிசையில் ஜெயந்தி

ஜெயந்தி இறந்துவிட்டாள். இன்று காலை, பதுளை ஆஸ்பத்திரியில்... அவளுடைய அண்ணன் போன் பண்ணிச் சொன்னார்.

மடுல்சீமை ஜெயந்தி. எங்கள் பேட்ச். காலேஜ் ஹாஸ்டலில் என் ரூம்மேட்.

இரண்டாம் வருடப் பரீட்சை நெருங்கியபோது எங்களில் பாதிப்பேருக்குத் தூக்கமே இல்லை. ஒருத்தி வகுப்பிலேயே உடைந்து அழுதாள். அதனால் காலையில் யோகா, மூச்சுப் பயிற்சி என்று ஆரம்பித்தார்கள். வெளியிலிருந்து ஒரு மிஸ் வந்து ஹாலில் பாய் விரித்துச் சொல்லிக்கொடுத்தார்.

பொய் சொல்லக் கூடாது, எனக்கு அது நல்லது செய்தது. படபடப்பு குறைந்தது. தூங்கினேன்.

ஜெயந்திக்கு மட்டும் ஒன்றும் குறையவில்லை. படி ஏறினாலே இளைப்பு. பாதிப் பயிற்சியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

வார்டன் அவளை முன்வரிசைக்கு மாற்றினார். "உனக்கு மனசுலதான் பயம். நல்லா மூச்ச இழுத்து விடு, சரியாப் போயிரும்."

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் காலேஜுக்கு வந்தால் இப்படித்தான் மிரளும் என்று எங்களிடமும் சொன்னார்.

ஒருநாள் அவள் உதடு நீலம் பாய்ந்திருப்பதை மிஸ் பார்த்துவிட்டார். இது டென்ஷன் இல்லை, டாக்டரிடம் காட்டுங்கள் என்று வார்டனிடம் நேராகவே சொன்னார். உங்களைக் கூப்பிட்டது பயிற்சி கொடுக்கத்தான், வைத்தியம் பார்க்க இல்லை என்று பதில் வந்தது. அடுத்த வாரம் மிஸ் இல்லை. வேறு ஆள்.

புது ஆள் வந்த அன்று சாயங்காலம் துணி காயப்போடும்போது ஜெயந்தி என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "எனக்குப் பயமெல்லாம் இல்லடி. மூச்சுதான் வரல."

பரீட்சை ஹாலுக்குப் போகும் வழியில் விழுந்தாள். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி... சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இருதய வால்வு கெட்டுப்போயிருக்கிறது என்றார்கள்.

அப்பா வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட்டிப்போனார். அவள் திரும்பி வரவே இல்லை. தோட்டத்துப் புள்ளக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, ஆபரேஷனுக்கு முறை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

இன்று மத்தியானம் பேட்ச் குரூப்பில் வார்டன் எழுதியிருக்கிறார்... "மிகுந்த மனவலிமை கொண்ட மாணவி." கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள்.

நான் குரூப்பை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

நாளைக்கு அடக்கம். முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன், ஜெயந்தி.

உன் அம்மா பக்கத்தில் நான் உட்கார்ந்துகொள்கிறேன். நீ போ...