செல்லையனுக்குக் கிடைத்த குலை

களியக்காவிளையில் நேற்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். புதிதாகப் பிறந்த எல்லைக்கு அடையாளமாக ரோட்டின் குறுக்கே ஒரு மூங்கில். எங்களுக்கு முன்னால் ஒரு லாரி நிறைய நேந்திரங்குலை. பழ வாசனை ஜன்னலில் ஏறியதும் எனக்கு மாநிலப் பிரிவினை மறந்து, செல்லையன் ஞாபகம் வந்துவிட்டது. என் மூளை அப்படித்தான். முக்கியமான விஷயங்களில் நிற்காது.

செல்லையன் எங்கள் பஸ் முதலாளியின் கால்பந்து டீமில் பேக். கோல்கீப்பருக்கு முன்னால் நின்று எதிராளியை மறிக்கும் உத்தியோகம். சம்பளம் என்னவோ பஸ் கழுவுவதற்கு. அவர் கழுவியதில்லை என்பது பஸ்களைப் பார்த்தாலே தெரியும். நானோ ஹைஸ்கூல் முடித்து, வேலை தேடுகிறேன் என்ற பெயரில், மெகாபோனில் ஆட்டத்தை வர்ணித்துக்கொண்டிருந்தேன். கோல் அடித்தவன் பெயரைத் தொண்டை கிழியக் கூவுவேன். செல்லையன் காப்பாற்றினால், "பந்து வெளியே போகிறது" என்பேன். ஏதோ பந்தே மனம் மாறிப் போனதுபோல.

கோல் அடித்தவனுக்கு ஒரு நேந்திரங்குலை. எங்கள் பக்கத்து வழக்கம் அது. தடுத்தவனுக்கு? நல்ல கடல்காற்று.

அவர் மனைவி தங்கம்மை விடுவதாயில்லை. "கண்டவனெல்லாம் குலையும் தூக்கிட்டு வாறான். நீங்க முட்டு வீங்கி வாறிய. நெசமாட்டு பந்துதான் களிக்கியளா?"

"கொண்டு வாறேன்ட்டி, ஒரு குலை."

அந்த வருடத்தோடு அவர் ஆடியது போதும் என்று முதலாளி சொல்லியாயிற்று. மிச்சமிருந்தது பாறசாலையில் ஒரே ஓர் ஆட்டம், கோப்பைக்கு. செல்லையன் கேப்டனிடம் கெஞ்சினார்: "மக்கா, இன்னிக்கு ஒருக்கா முன்னால போய் அடிக்கட்டா?"

"நீரு போனா பின்ன ஆரு வோய் நிப்பா?"

நம்பகமானவனுக்குக் கிடைக்கும் மரியாதை இதுதான்: அசையக்கூடாது.

இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடியப்போகும் நேரத்தில் கார்னரிலிருந்து வந்த பந்து சேற்றில் வழுக்கி, செல்லையனின் வீங்கிய முழங்காலில் பட்டு, எங்கள் கோலுக்குள்ளேயே போய் உட்கார்ந்தது. நான் மெகாபோனில் முதன்முறையாக அவர் பெயரை முழுசாகச் சொன்னேன்.

தோற்றோம். பாறசாலைக் கமிட்டிக்காரர் கம்பத்தில் கட்டியிருந்த குலையை அவிழ்த்து நேராகச் செல்லையனிடம் கொண்டுவந்தார். "கோலடிச்ச ஆளுக்காக்கும் குலை. அடிச்சது இவராக்கும். நியமம் நியமம்தான்."

"எறிஞ்சிட்டு வாரும் வோய்!" என்று கேப்டன் கத்தினார்.

செல்லையன் எறியவில்லை. தோளில் வைத்துக்கொண்டார். முதலாளி அவரை பஸ்ஸில் ஏற்றவில்லை; செல்லையன் களியக்காவிளை வழியாக நடந்தே வந்தார். அன்று வழியில் மூங்கில் ஏதும் கிடையாது.

வாசலில் தங்கம்மை. "நீங்களா அடிச்சிய?"

"ஆமா."

"ஆளுவ பாத்தாவளா?"

"எல்லாரும் பாத்தாவ."

பழுத்ததும் அவள் தெரு முழுக்கக் கொடுத்தாள். எங்கள் டீமுக்கும் வந்தது. வாங்கிய நாங்கள் பழம் தின்ன மட்டும்தான் வாயைத் திறந்தோம்.

அந்த டீம் இப்போது இல்லை. மைதானத்தில் கூரை ஓட்டுக் கிடங்கு வந்துவிட்டது. எதிராளிக்கும் குலை கொடுத்த அந்த நியமக்காரர்கள் அடுத்த மாநிலத்தார் ஆகிவிட்டார்கள். செல்லையனின் வேலையை அரசாங்கமே ஒரு மூங்கிலிடம் ஒப்படைத்திருக்கிறது.

மூங்கிலைத் தூக்குமுன் காவல்காரர் லாரியிலிருந்து ஒரு சீப்பைப் பிய்த்துக்கொண்டார். மறிப்பவனுக்கும் பழம் கிடைக்கிற காலம் வந்துவிட்டது. செல்லையன்தான் கொஞ்சம் முந்திப் பிறந்துவிட்டார்.